மாதா விளக்கின் வயர்

செப்டம்பர் 3, புதன்

அம்மாவுக்கு எதுவும் மறக்காது, ஆனால் தனக்கு வேண்டிய மாதிரிதான் ஞாபகம் வைத்துக்கொள்வாள் என்று சீலி நேற்று எல்லார் முன்னாலும் சொன்னாள். பெற்ற மகள் சொல்கிறாள். நான் மூன்றாம் வகுப்பு வரைதான் போனேன். எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். இருந்தாலும் இனிமேல் தேதி போட்டு எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாரும் அவர் அப்படிச் செய்யவில்லை, நீ அப்படிச் சொல்லவில்லை என்று வாயைத் திறக்கக் கூடாது.

போன மாதம் 27ஆம் தேதி என் மகன் தஸ்நேவிஸ் கரைக்கு வந்தது இன்னொரு வள்ளத்தின் கயிற்றில் கட்டி இழுபட்டு. நடுக்கடலில் பேட்டரி செத்து எஞ்சின் கிளம்பவில்லை. எஞ்சினைக் கிளப்புவதும் அந்த ஒரு பேட்டரிதான். விளக்கு, ஜிபிஎஸ், மீன் காட்டுகிற எக்கோ, வயர்லெஸ், ஆளுக்கொரு போன் எல்லாம் உறிஞ்சுவதும் அதைத்தான். ஒரு குடத்தை ஏழு வீடு மொண்டால் என்ன மிஞ்சும்? பழைய எஞ்சின் என்றால் கைப்பிடி போட்டுச் சுற்றலாம். இதில் அது கிடையாது.

ஆகவே இரண்டு பேட்டரி வைக்கப் போகிறார்களாம். வைக்கப்போவது சீலியின் வீட்டுக்காரன் பால்வண்ணன். எட்டயபுரத்துக்காரன். லாரிக்கும் டிராக்டருக்கும் செல்ஃப் மோட்டார் பார்க்கிறவன். பதினொரு வருஷத்துக்கு முன் சீலியைப் பதிவு ஆபீசில் கட்டிக்கொண்டு வந்து, மறுவாரம் எங்கள் வள்ளத்தில் செருப்புக் காலோடு ஏறினான். பழுப்புச் செருப்பு. இடது வாரில் ஊக்கு குத்தியிருந்தது. தொழில் செய்கிற வள்ளத்தில் ஒரு குழந்தைகூட அப்படி ஏறாது. அந்த வாரம் முழுக்க வலை வெறுமையாக வந்தது. இதையும் நான் எனக்கு வேண்டிய மாதிரி ஞாபகம் வைத்திருக்கிறேனா?

செப்டம்பர் 5, வெள்ளி

இரண்டு நாளாக வேலை நடக்கிறது. பாரை மீன் குழம்பு வைத்துக் கொடுத்தனுப்பினேன். சட்டி காலியாக வந்தது. நன்றாக இருந்தது என்று ஒரு வார்த்தை வரவில்லை.

சாயங்காலம் கரைக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு பேட்டரியையும் தனித்தனிப் பெட்டியில் வைத்து வாரால் இறுக்கியிருந்தான். ஒன்றுக்குச் சிவப்புப் பட்டை, அது எஞ்சினுக்கு மட்டும். மற்றதற்கு நீலப் பட்டை, மீதி எல்லாமே அதில்தான். எஞ்சின் ஓடும்போது இரண்டும் சேர்ந்து சார்ஜ் ஆகும். எஞ்சின் நின்றதும் நடுவில் இருக்கிற கருவி இரண்டையும் பிரித்துவிடும். நீலம் எவ்வளவு இறங்கினாலும் சிவப்பு நிரம்பியே இருக்கும், சாவியைத் திருப்பினால் எஞ்சின் எடுக்கும் என்று தஸ்நேவிசுக்கும், கூடத் தொழிலுக்குப் போகிற சிலுவைக்கும் சொல்லிக்கொடுத்தான்.

"சிவப்புல ஒரு குண்டு பல்புகூட மாட்டக் கூடாது, மச்சான். அது உயிர்ப் பேட்டரி."

என் பக்கம் திரும்பாமல்தான் சொன்னான். நானும் கடலைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டேன்.

செப்டம்பர் 6, சனி

இன்றைக்கு எழுதுவதைத்தான் முக்கியமாக எழுத வேண்டும்.

எங்கள் வள்ளத்தின் அணியத்தில், முன்மூக்குக்குப் பின்னால், கண்ணாடிக் கூட்டில் பனிமய மாதா இருக்கிறாள். புயல் வருஷத்தில் என் வீட்டுக்காரர் நாலு நாள் கழித்து உயிரோடு வந்தபோது நான் நேர்ந்துகொண்டது அது. வள்ளத்தில் மாதா விளக்கு அணையக் கூடாது. முதலில் எண்ணெய் விளக்கு. அப்புறம் லாரியில் பின்னால் எரிகிற பல்பு. அவர் செத்து, வள்ளம் மூன்று மாறியும் அது எரிகிறது.

இன்று காலையில் போனால் மாதா இருட்டில் நிற்கிறாள்.

சோதனைக்காக ராத்திரி எல்லாவற்றையும் எரியவிட்டுப் போனானாம். நீலப் பேட்டரி குறைந்ததும், அது அடியோடு சாகாமல் காக்கிற கட் அவுட் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டதாம். அது நல்ல வேலை செய்கிறது என்று அதற்கு அர்த்தமாம். சிரித்துக்கொண்டு சொல்கிறான்.

நான் அவனிடம் நேராகப் பேசுவதில்லை. சீலியிடம் சொன்னேன்: "உன் வீட்டுக்காரருக்கு மாதா இல்லாம இருக்கலாம். இந்த வள்ளத்துக்கு இருக்கா."

அவன் முகம் சுருங்கியது. மாதா விளக்குக்குச் சின்ன எல்இடி பல்பு போடுகிறேன், ஒரு வாரம் எரிந்தாலும் பேட்டரிக்குத் தெரியாது, தூத்துக்குடியில் வாங்கி வர இரண்டு நாள் ஆகும் என்றான். வேண்டாம் என்று சீலியிடம் சொல்லிவிட்டேன். பல்பை மாற்றுவதற்கு அவன் யார்? அது என் வீட்டுக்காரர் கையால் செய்த கூடு.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா பிறந்த நாள். பூசைக்குப் போனேன். பாயசம் வைத்தேன்.

மத்தியானம் கரையில் ஆள் இல்லை. கோயில் திருநாளுக்கு மைக் செட் போடுகிற பெலிக்ஸைக் கூட்டிக்கொண்டு போனேன். எந்தப் பேட்டரி அணையாது என்று கேட்டேன். சிவப்புதான் அணையாது, அதில்தான் யாரும் கை வைப்பதில்லையே என்றான். அப்படியானால் நிரம்பிக் கிடக்கிற குடத்தில் மாதாவுக்கு ஒரு மிடறு கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? பச்சை வயர் ஒன்றைப் பலகைக்கு அடியிலேயே இழுத்துக் கொடுத்தான். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன். மறைக்க அல்ல. கேட்டால் சொல்வேன். யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

தஸ்நேவிசும் சிலுவையும் கடலில் மூன்று நாள் தங்கலுக்குக் கிளம்பினார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் கரை. ஐஸ், தண்ணீர்க் கேன், அரிசி, கருவாடு எல்லாம் ஏற்றினார்கள். பால்வண்ணன் பெட்டியைத் திறக்காமல் வாரை மட்டும் இழுத்துப் பார்த்துவிட்டு, பயப்படாமல் போங்க மச்சான் என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பயமில்லன்னு சொல்லுதவரு கரையில நின்னுதான் சொல்லணுமா? அவரு போட்ட வயர நம்பி எம்மகன் போறான். அவரும் போய்ட்டு வரட்டுமே" என்றேன்.

கரையில் பத்துப் பேர் இருந்தார்கள். ஒருத்தன் சிரித்தான்.

சீலி என் கையைப் பிடித்து இழுத்தாள். அவருக்கு நீச்சல் தெரியாதும்மா என்றாள். அதற்குள் அவன் சட்டைப்பையில் இருந்த போனையும் சாவியையும் அவளிடம் கொடுத்துவிட்டு ஏறிவிட்டான். முகத்துவாரம் தாண்டுவதற்குள் குனிந்து வாந்தி எடுத்தது இங்கிருந்தே தெரிந்தது.

செப்டம்பர் 10, புதன்

நெத்திலி காயப்போட்டேன். காக்காய் தொல்லை.

செப்டம்பர் 11, வியாழன்

கச்சான் காற்று பிடித்திருக்கிறது. மேற்கேயிருந்து அடிக்கிறது, எஞ்சின் ஓடுகிற வள்ளத்துக்கு இது ஒன்றுமில்லை. எஞ்சின் இல்லாத வள்ளத்தைத்தான் கிழக்கே இலங்கை எல்லைக்குத் தள்ளிக்கொண்டு போகும்.

இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

மத்தியானம் வரவில்லை. நாலு மணிக்கும் வரவில்லை. கரையில் நின்ற பொம்பிளைகள் ஒவ்வொருத்தியாக வீட்டுக்குப் போனார்கள். சங்கத்து வயர்லெஸில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை.

இன்னாசியம்மாள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முப்பத்தெட்டு வருஷமாக நான் அவளோடு பேசுவதில்லை. என் மூத்த பிள்ளை பிறந்து இறந்தபோது, வாய்க்கொழுப்புக்குக் கிடைத்தது என்று தண்ணீர்க் குழாயடியில் சொன்னவள். சொன்ன இடம், குடத்தின் நிறம், கூட நின்றவர்கள் எல்லாம் தெரியும். இன்று இருட்டும் வரை உட்கார்ந்திருந்தாள். போகச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

செப்டம்பர் 13, சனி

விடியக்காலையிலேயே மூன்று வள்ளம் தேடப் போயிருக்கிறது. கடலோரக் காவலுக்கும் சொல்லியாகிவிட்டது.

சீலி நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. கஞ்சியை நீட்டினேன். வாங்காமலே சொன்னாள்: "எங்கண்ணனுக்காவது கடல் தெரியும். இவருக்கு என்ன தெரியும்? நீதானம்மா ஏத்திவிட்ட."

எழுதிக்கொள்கிறேன். அவள் சொன்னது இது.

பதினோரு மணிக்குப் பெலிக்ஸ் சந்து முனையில் நின்றான். முகம் வெளுத்திருந்தது. பெரியம்மா, அந்த வயர் என்று ஆரம்பித்தான். போ என்றேன். பெரியம்மா, ஒரு நாளைக்கு மேல எஞ்சின் நின்னா அந்தப் பல்பு இழுத்துரும், எனக்கு அப்ப தோணல என்றான். போ என்றால் போ என்றேன். போய்விட்டான்.

லாரி பல்புதான். எவ்வளவு பெரிதாக இருந்துவிடப் போகிறது.

எட்டாம் தேதிப் பக்கத்தைக் கிழிக்கப் பிடித்தேன். கை வரவில்லை. முழந்தாள்படியிட்டு மாதாவிடம் என்ன கேட்டேன் என்பதை எழுத மாட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வந்துவிட்டார்கள். மூன்று பேரும். பகல் மூன்று மணிக்கு, தங்கள் எஞ்சினிலேயே, அணியத்தில் மாதா விளக்கு எரிய எரிய வந்தார்கள்.

தஸ்நேவிசின் உதடு வெடித்திருந்தது. அவனைத் தடவித் தடவிப் பார்த்தேன். சீலி தண்ணீருக்குள்ளேயே இறங்கிப் போய் அவள் ஆளைப் பிடித்துக்கொண்டாள். அவனால் நிற்க முடியவில்லை.

சிலுவை மணலில் உட்கார்ந்து ஊருக்கே சொன்னான். மீன் நன்றாகப் பட்டதால் புதன்கிழமை எஞ்சினை நிறுத்தி அங்கேயே கிடந்திருக்கிறார்கள். வியாழன் அந்தி சாயும்போது நீலப் பேட்டரி குறைந்து எல்லாம் நின்றுவிட்டது. பால்வண்ணன் அலட்டிக்கொள்ளவில்லை, சிவப்பு இருக்கிறது என்று சாவியைத் திருப்பினான். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டையும் சேர்த்துத் திருப்பிப் பார்த்தான், அதற்கும் அதே டிக். ஜிபிஎஸ் இல்லை, வயர்லெஸ் இல்லை. நங்கூரம் தரை தொடவில்லை. கச்சான் தள்ளிக்கொண்டே போகிறது. எல்லாம் செத்தும் மாதா விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்ததாம்.

"மங்கலா, கங்கு மாதிரி. ஆனா அணையல. கரண்டே இல்லாத வள்ளத்துல எரியுது. நானும் நேவிஸும் முழங்கால்ல விழுந்துட்டோம்" என்றான் சிலுவை. பொம்பிளைகள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி அழுதுகொண்டே என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றினாள்.

இன்று காலை தானாக எஞ்சின் எடுத்ததாம். எல்லைக்கு ஆறு மைல் இருந்ததாம்.

நான் பால்வண்ணனைப் பார்த்தேன். அவன் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 15, திங்கள்

வீடு கொள்ளாத ஆள். எல்லாம் பிரகாசியம்மா நேர்ச்சை என்று என் பேரைச் சொல்கிறார்கள். சாமியார் ஞாயிறு பூசையில் சொல்லப் போகிறாராம்.

ஆட்கள் போனபின் பால்வண்ணன் வந்தான். பதினொரு வருஷத்தில் சீலி இல்லாமல் தனியாக என் வாசலுக்கு வந்தது இதுதான். நிலைப்படிக்கு வெளியே நின்றான்.

"பச்சை வயர் அத்தை. மைக் செட்டுக்காரங்க போடுறது" என்றான்.

நான் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். நிறுத்தவில்லை.

அவன்தான் மெல்ல மெல்லச் சொன்னான். செத்த வள்ளத்தில் விளக்கு எரிந்தபோது அவர்கள் இரண்டு பேரும் மாதாவைப் பார்த்தார்கள். இவன் அதற்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தான். படுத்துக்கொண்டே பலகைக்கு அடியில் தடவிப் போனால் சிவப்புப் பேட்டரியில் போய் முடிகிறது. கழற்றப் போனால் சிலுவை கையைப் பிடித்துவிட்டான். மாதா விளக்கை அணைத்தால் உன்னைக் கடலில் தள்ளுவேன் என்றானாம். தஸ்நேவிசும் தடுக்கவில்லை. அம்மா நேர்ச்சை, தொடாதீங்க மாப்பிள்ளை என்றானாம். என் மகன்.

சனிக்கிழமை ராத்திரி இருவரும் அசந்து தூங்கியபோது வயரைப் பிடுங்கியிருக்கிறான். இரண்டு பேட்டரியையும் ஒன்றும் இழுக்காமல் விடியும் வரை ஓயவிட்டு, வெயில் ஏறியதும் சேர்த்து, லேசாகச் சுற்றும்படி எஞ்சினைக் கொஞ்சம் இளக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினான். ஒரே ஒரு தடவைக்குத்தான் அதில் உயிர் இருந்ததாம்.

"எஞ்சின் ஓட ஆரம்பிச்சதும் வயரத் திரும்ப முறுக்கிவிட்டேன்" என்றான்.

அப்போதுதான் நிமிர்ந்தேன். எதுக்கு என்று கேட்டேன். அவனிடம் நான் நேராகக் கேட்ட முதல் கேள்வி.

"கரையில நீங்க நிப்பீங்கள்லா."

நெத்திலித் தலை ஒன்று விரலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

அவன் யாரிடமும் சொல்லவில்லையாம், சொல்லவும் மாட்டானாம். வயரை மட்டும் கழற்றிவிடுகிறேன் அத்தை என்றான். நாள் கழியட்டும் என்றேன். ஊரே வந்து விளக்கைப் பார்த்துவிட்டுப் போகிற நேரத்தில் கழற்றினால் என்ன பேச்சு வரும்? சரி என்று போய்விட்டான். கால் இன்னும் தள்ளாடிக்கொண்டுதான் இருந்தது.

செப்டம்பர் 16, செவ்வாய்

இரண்டு பேட்டரி போடச் சொல்லியிருந்த இரண்டு வள்ளக்காரர்களும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். லாரிக்கு வயர் கட்டுகிறவனை வள்ளத்தில் ஏற்றினால் இப்படித்தான், மாதா இல்லையென்றால் மூன்று பிணம் என்று டீக்கடையில் பேச்சு. சீலி சண்டைக்குப் போயிருக்கிறாள். அவன் அவளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

நானே இதைச் சொல்லியிருப்பேன், போன வாரம் என்றால்.

செப்டம்பர் 17, புதன்

இன்னாசியம்மாள் வந்தாள். கையில் ஒரு கட்டு மெழுகுவர்த்தி. உன் வள்ளத்து மாதாவுக்கு என்று வைத்தாள். அவளுடைய இரண்டு மகன்களும் ஒரே வள்ளம். அவர்களும் மாதாவுக்கு ஒரு கூடு செய்து லாரி பல்பு போட்டிருக்கிறார்களாம். பெலிக்ஸ் பயந்துகொண்டு வரமாட்டேன் என்றானாம். அதனால் சிலுவை வந்து, பலகைக்கு அடியில் எங்கள் வயரைக் காட்டி, அதே மாதிரி கட்டிக்கொடுத்தானாம். இன்னும் மூன்று வள்ளத்துக்கும் கட்டப் போகிறானாம்.

"எஞ்சின் பேட்டரியிலயா?" என்றேன்.

"ஒங்களுது அப்பிடித்தான இருக்கு? அதான அணையாம நின்னுச்சு" என்றாள். நாளை விடியக்காலை நாலு நாள் தங்கலுக்குப் போகிறார்களாம். என் கையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

குழாயடியில் சொன்னதை மறக்க மாட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

நாளை காலையில் போய், வேறு பேட்டரியில் மாட்டுங்கள் என்று மட்டும் சொல்லலாம். ஏன் என்று கேட்பார்கள்.

செப்டம்பர் 18, வியாழன்

ஐந்தரைக்கே கரைக்குப் போனேன். இன்னாசி மகன்களின் வள்ளம் இல்லை. கச்சான் விட்டிருக்கிறது என்று ஐந்துக்கே போய்விட்டார்களாம். இன்னாசியம்மாள் மட்டும் நின்றாள்.

சீலி வீட்டுக் கதவைத் தட்டினேன். பால்வண்ணன்தான் திறந்தான். இன்னாசி மகன்களின் வள்ளத்திலும் சிலுவை அதே வயரைக் கட்டிவிட்டான், வயர்லெஸ் எவ்வளவு தூரம் எட்டும் என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்தான், சட்டையைக்கூட மாட்டவில்லை, சங்கத்துக் கட்டடத்துக்கு ஓடினான். நானும் என் வேகத்தில் போனேன். இன்னாசி என்ன ஏது என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தாள். தஸ்நேவிஸ், சிலுவை, ஐஸ் ஏற்ற வந்தவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள்.

பால்வண்ணன் கூப்பிட்டான். கரகரவென்று இன்னாசியின் மூத்தவன் குரல் வந்தது. விளக்கு வயரைக் கழற்றிவிடுங்கள், எஞ்சின் பேட்டரி செத்துப்போகும் என்றான் இவன். அங்கே கொஞ்சம் சிரிப்பு.

"ஓம் பேட்டரிதாம்ல செத்துச்சு. மாதா சாகல. நீ போய் டிராக்டரப் பாரு."

பால்வண்ணன் இரண்டாம் தடவை சொன்னான். பதில் இல்லை. சிலுவை, மாதாவை விலக்கப் பார்க்கிறான் என்று முணுமுணுத்தான். இன்னும் அரைமணி நேரத்தில் குரல் எட்டாத தூரத்துக்குப் போய்விடுவார்கள் என்று பால்வண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னான். அவன் வாயில் என் பெயர் வரவில்லை, அப்போதும் வரவில்லை.

நான் கையை நீட்டினேன். அந்தப் பேசுகிற கருவியைக் கொடுத்து, பக்கத்தில் இருக்கிற பட்டனை அமுக்கிக்கொண்டு பேச வேண்டும் என்றான். அதே வயர்லெஸ் அலையில் இருக்கிற அத்தனை வள்ளத்துக்கும் கேட்கும் என்றும் சொன்னான். மறைக்காமல் சொன்னான்.

அமுக்கினேன்.

"நான் பிரகாசி பேசுதேன். தஸ்நேவிஸ் அம்மா. எங்க வள்ளத்துல விளக்கு எரிஞ்சது, நான் திருட்டுத்தனமா எஞ்சின் பேட்டரியில வயர் குடுத்ததால. எட்டாந்தேதி மத்தியானம். எம்மருமகன் ஒரு பல்புகூடப் போடக் கூடாதுன்னு சொன்ன பேட்டரியில. அந்த விளக்குதான் பேட்டரியக் குடிச்சிச்சு. எம்மகனையும், அவனையும், சிலுவையையும் நடுக்கடல்ல போட்டது நான். கொண்டாந்து சேத்தது எம்மருமகன். மாதா பேர்ல நான் சொல்லுதேன், கழத்துங்க. இன்னாசி, நீயும் கேளு. ஓம் மக்க ரெண்டும் கரைக்கு வரணும். கழத்தச் சொல்லு."

இன்னாசியம்மாள் வாயில் முந்தானையை வைத்திருந்தாள். சிலுவை சுவரோடு ஒட்டி நின்றான். தஸ்நேவிஸ் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு எழுத்து போதாது. கடலில் இருந்து ஒரு சத்தம் இல்லை. எல்லாரும் என்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன், எட்டாந்தேதி மத்தியானம் என்று.

"அத்தை, பட்டன விடுங்க. நீங்க அமுக்கிட்டே இருந்தா அவங்க பேச முடியாது" என்றான் பால்வண்ணன்.

விரல் மரத்துப்போயிருந்தது. அவன்தான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டான்.

உடனே குரல்கள் வந்து விழுந்தன, இரண்டு மூன்று வள்ளத்திலிருந்து, ஒன்றின் மேல் ஒன்றாக. கடைசியில் இன்னாசியின் மூத்தவன் குரல் தெளிவாகக் கேட்டது. சிரிப்பு இல்லை.

"கேட்டிச்சு பெரியம்மா. பலகையத் தூக்கிட்டோம். இதுல நாலு வயர் போவுது. எதக் கழத்தணும்?"

எனக்கு எப்படித் தெரியும்? கருவியை நீட்டினேன்.

"நீங்க சொல்லுங்க மாப்பிள்ளை."